மலை முடிந்தபின் மரம் எங்கே போகும்?



சாலொமோன் ஆலயம் கட்ட முற்பட்டபோது, தீருவின் ராஜாவாகிய ஈராம் லீபனோனிலிருந்து கேதுரு மரங்களையும் தேவதாரு மரங்களையும் அனுப்பினான். இப்பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அம்மரங்கள் வளர்ந்த மலையைக் குறித்து ஒருமுறையும் பேசியதில்லை. இவ்வாரம் அது என்னை உறுத்துகிறது.

வேதத்தின் தேவதாரு எந்த மரம் என்பதில் அறிஞர் ஒருமித்தவர் அல்லர். ஆயினும் கேதுருவோடு சேர்ந்து வளரும் ஃபிர் மரம் ஒன்று இன்றும் வட லீபனோனில் உண்டு. பவுல் பிறந்த நாட்டின் பெயரால் அது சிலிசிய ஃபிர் எனப்படுகிறது.

குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று இம்மலைமீது ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, கீழே மழையாகவும் மேலே பனியாகவும் பொழிகிறது. கோடையிலோ மாதக்கணக்கில் மழையில்லை. அப்போது மரத்தைத் தாங்குவது, மெல்ல உருகி மண்ணில் இறங்கிய பனிநீரே. அடிவாரம் அதற்கு மிகவும் வெப்பமானது. சிகரமோ கடுங்காற்றும் உறைபனியும் நிறைந்தது. ஆகவே ஏறத்தாழ 1,000 முதல் 2,000 மீட்டர் உயரம் வரையுள்ள பகுதியே, அதிலும் வெயில் குறைந்த சரிவுகளே, அதன் வீடு. எஹ்தென் காடு அதன் தென் எல்லை.

பூமி வெப்பமடையும்போது, பனியாய்த் தங்கவேண்டிய நீர் மழையாய் ஓடிவிடுகிறது. கோடையின் வறட்சி நீளுகிறது. மரத்தால் நடக்க இயலாது. விதை விழும் தூரமே ஒரு தலைமுறையின் பயணம். மேலே செல்லச் செல்ல மலையும் குறுகுகிறது, ஒருநாள் முடிந்தும்விடுகிறது.

“உலகம் எப்படியும் ஒழிந்துபோகும்; ஆத்துமாவைக் காத்தால் போதும்” என்பார் நம்மில் உண்டு. நான் அதற்கு உடன்படேன். சாலொமோனின் வேலையாட்கள் தேவதாருவில் பலகையைக் கண்டார்கள்; 104-ஆம் சங்கீதமோ அதைப் பறவையின் வீடாகக் காண்கிறது. நாம் பலகையை மட்டுமே நினைவில் வைத்தோம். ஆளில்லாத ஆலயத்தில் ஓடும் குளிர்சாதனமும், நடக்கும் தூரத்துக்கு எடுக்கும் வாகனமும் அந்த மலைக்குத் தொடர்பற்றவை அல்ல. எங்கே எரித்தாலும் புகை சேருவது ஒரே வானத்தில்தான்.

படைத்தவரைப் பாடும் நாவு, படைப்பைப் பாழாக்கும் கைக்குச் சாக்காகலாகாது. இவ்வாரம் உங்கள் வீட்டிலும் சபையிலும் வீணாய் எரியும் ஒன்றை அணையுங்கள். அதுவும் ஆராதனையே.

ஆண்டவரே, நீர் நட்டவற்றைக் காக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.