படக் கண்ணீரும் பட்டாசுச் சாலையும்

மெய்யாக நடந்த சம்பவங்களை ஆதாரமாகக் கொண்ட சினிமாப் படங்கள் இப்போது பெருகி வருகின்றன. ஜனங்கள் அவற்றைக் கண்டு அழுகிறார்கள். இரண்டொரு நாள் அதே பேச்சாயிருக்கிறார்கள். நிழலைப் பார்த்து அழுவது பேதைமை என்று இகழ்வோரும் உளர். நாம் அவ்வாறு இகழோம். சிறு பிராயத்தில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு மனமுருகியதைக் காந்தியடிகள் தம் சுயசரிதத்தில் கூறியிருக்கிறார். 1939-ல் வெளிவந்த ‘தியாகபூமி’யை வெள்ளையர் சர்க்கார் தடை செய்தது எதனால்? திரையில் ஆடும் நிழல் ஜனங்களின் நெஞ்சில் கனலை மூட்டும் என்பதை அது நன்கு அறிந்திருந்தது. ஆகவே கண்ணீரை நாம் குறைத்து மதிக்கவில்லை. அது எங்கே போய்ச் சேருகிறது என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி சிவகாசியாருக்கும், அதை அடுத்த விஸ்வநத்தம் போன்ற கிராமத்தாருக்கும் அந்நியமானதன்று. ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டத்தில் இச்சீமை பெருமை கொண்டிருந்த காலத்தில், 1990-ல், சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற விவரணப் படத்தை எடுத்தார். தீப்பெட்டித் தொழிலில் தேய்ந்த சிறுவர் சிறுமியரை அது உலகின் முன் நிறுத்தியது. ஆனால் அப்படத்திற்கு முன்னரே எம். சி. மேத்தா என்ற வக்கீல் சிவகாசிக் குழந்தைகளுக்காக சுப்ரீம் கோர்ட்டை அணுகியிருந்தார். குழந்தையை வேலைக்கு அமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்ற தீர்ப்பு 1996 டிசம்பரில் தான் வந்தது. படம் கண்ணைத் திறக்கும். கதவைத் திறப்பதற்கு மனுவும் வழக்கும் கிளர்ச்சியும் வேண்டும். இரண்டில் ஒன்று போதுமென்று எண்ணுவோர் ஏமாறுவர்.

1993-ல் போலீஸ் காவலில் மாண்ட ஒருவரின் வழக்கைத் தழுவிய ‘ஜெய் பீம்’ 2021-ல் வெளிவந்தபோது தேசமெங்கும் கண்ணீர் பெருகிற்று. பார்ப்போருக்கு மூன்று மணிக்குள் நியாயம் கிட்டிவிடுகிறது. அந்த ஏழைக் கைம்பெண்ணோ அதற்காகப் பல வருஷம் கோர்ட்டு வாசலில் காத்திருந்தாள். இவ்வேற்றுமையை மறப்பதே இத்தகைய படங்களால் விளையும் அபாயம். படத்தின் முடிவில் மனம் ஆறிவிடுகிறது. அழுததே கடமையைச் செய்ததாகி விடுகிறது.

2024-ல் வெளிவந்த ‘வாழை’யை எடுத்துக்கொள்வோம். வாழைத்தார் ஏற்றிய லாரி கவிழ்ந்து கூலியாட்கள் மாண்ட துயரத்தை, தம் இளமையில் அறிந்தவாறு மாரி செல்வராஜ் படமாக்கினார். அதைக் கண்டு கலங்காதார் இல்லை. அயல் ஜில்லாவின் லாரிக்காக அழுத கண்கள் சொந்த ஊரின் பட்டாசுச் சாலையை எவ்வாறு நோக்குகின்றன?

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களும் அவர்களில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுக்கு இடையிலும் பின்னரும் நேர்ந்த விபத்துக்கள் பல. ஒவ்வொரு தடவையும் நிவாரண அறிவிப்பு, இரண்டொரு கைது, லைசென்ஸ் நிறுத்தம், பிறகு மௌனம். காரணங்களும் இரகசியமல்ல. மருந்து கலக்கையில் உராய்வு. ஓர் அறையில் அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரிலும் தொழில் உள்குத்தகைக்காரர் கையிலும் இருத்தல். எண்ணிக்கைக் கூலிக்காகத் தொழிலாளி கைவேகத்தைக் கூட்டுதல். இவை படத்தில் வந்தால் அழுவோம். கண்ணெதிரே நடந்தால் “தொழில் அப்படித்தான்” என்போமா?

இவற்றைப் பேசினால் தொழிலே கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். தொழில் அழிய வேண்டுமென்று நாம் கூறவில்லை. 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மழை பொய்க்கும் இந்தக் கரிசல் சீமைக்குச் சோற்று வழி காட்டினார்கள். அவ்வழியில் நடப்பவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் கோரிக்கை. விதிகளை அனுசரிக்கும் முதலாளிக்கு இதனால் நஷ்டமில்லை.

படமெடுப்போருக்கு ஒரு வார்த்தை. மெய்ச் சம்பவம் என்று கூறிக்கொண்டு விவரங்களை மனம்போல் மாற்றாதீர்கள். ஒரு விவரம் பொய்யானால், குற்றவாளிகள் முழுவதையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள்.

விஸ்வநத்தத்து வாலிபர்களுக்கும் தேச ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படம் பார்த்து அழுங்கள், அதில் வெட்கமில்லை. மறுநாட் காலை, உங்கள் ஊர்ச் சாலையில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். உள்குத்தகை நடந்தால் மனு எழுதுங்கள். சென்ற விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு அறிவித்த தொகை வந்து சேர்ந்ததா என்று விசாரியுங்கள். வரவில்லையெனில் வரும்வரை விடாதீர்கள். இன்னொரு துயரப் படத்துக்கு நம் ஊர் கதை கொடுக்காதிருக்குமாறு செய்வதே நாம் சிந்திய கண்ணீருக்குப் பயனாகும்.