பாட்டி 'டைம்' ஆன கதை



ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூடினால் சிரிப்புக்குப் பஞ்சமிராது. "ரெயின் கமிங் டீச்சர்!" என்பான் ஒருவன். அது தமிழ் தந்த வாக்கியம். "ஓப்பன் லைட் டீச்சர்!" என்பாள் இன்னொருத்தி. அது மலாய் மொழியின் 'புக்கா லம்பு' தந்த கொடை. மும்மொழி பயிலும் பிள்ளைகள் அல்லவா!

ஆனால், ஒரு சிரிப்பு மட்டும் இன்றும் என்னை உறுத்துகிறது.

2019ஆம் ஆண்டு. ஆறாம் ஆண்டு வகுப்பு. பதின்ம வயதை எட்டிப் பார்க்கும் பருவம். குடும்பத்தைப் பற்றிய கட்டுரையை ஒரு மாணவி வாசித்தாள். "மை கிராண்ட்மதர் பிகேம் டைம்" என்றாள். 'காலமானார்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறாள் எனப் புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததால் வகுப்பே சிரித்தது. அவள் தலைகுனிந்து அமர்ந்தாள்.

அவளை வளர்த்த பாட்டி முந்தைய மாதம்தான் மறைந்தார் என்பதைப் பிறகே அறிந்தேன். அதன்பின் பல வாரங்கள், எதைக் கேட்டாலும் "தெரியாது டீச்சர்" என்பதே அவளுடைய பதில்.

'டைட்' என்னும் சொல் அவளுக்குத் தெரியாததா? தெரியும். பாட்டிக்கு அதைப் பயன்படுத்த மனம் வரவில்லை. பெரியவர்களைக் 'காலமானார்' என்றே சொல்ல வேண்டும் எனத் தமிழ் அவளுக்குக் கற்றுத் தந்திருந்தது. அந்த மரியாதையை ஆங்கிலத்திலும் தேடினாள். 'பாஸ்ட் அவே' என்று நான் எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். தாய்மொழித் தாக்கம் பற்றி ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். வகுப்பறையில் அது கைகொடுக்கவில்லை.

பின்னர் வகுப்பின் முன்னிலையிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மீண்டும் வாய் திறக்க நாளாயிற்று.

பெற்றோர்களே, 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. ஆயினும் பயிற்றுநூலில் சிவப்பு மைக் கோடுகளை எண்ணும் பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. "இத்தனை பிழையா?" என்று கேட்கும் முன், "என்ன சொல்ல வந்தாய், கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் சிரிப்பு வேண்டும்தான். ஆனால், பிழை செய்த பிள்ளையும் சேர்ந்து சிரித்தால் மட்டுமே அது நகைச்சுவை. அவள் மட்டும் சிரிக்கவில்லையென்றால், அங்கே ஒரு மொழியின் கதவு மூடிக்கொண்டிருக்கிறது.

சிந்திப்போமே!