டோக்கன் அட்வான்ஸுக்கு முன்னாடி சர்வீஸ் ஹிஸ்டரி

யூஸ்டு கார்ல ஓடோமீட்டர் 40,000 கி.மீ. காட்டுதா? அதை மட்டும் நம்பி டோக்கன் கொடுக்காதீங்க. அந்த நம்பரைக் குறைச்சுக் காட்ட ஆள் இருக்காங்க. ஆனா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒவ்வொரு தடவையும் கி.மீ. பதிவாகியிருக்கும். எம்பரிவாஹன் ஆப்ல ஆர்சி விவரம்தான் வரும், இது வராது. ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்க. மழுப்பினா அடுத்த வண்டியைப் பாருங்க, அவ்வளவுதான்.

வாரண்டி முடிஞ்சு வெளி மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா தப்பில்ல, பில் இருக்கணும்.

இன்சூரன்ஸ் பாலிசியில என்சிபியையும் பாருங்க. தொடர்ந்து அஞ்சு வருஷம் க்ளைம் இல்லன்னா 50% இருக்கும். ஆறு வருஷமா ஒரே ஓனர், ஆனா என்சிபி 0%ன்னா, ஒண்ணு க்ளைம் போட்டிருக்கார், இல்ல பாலிசி லேப்ஸ் ஆகியிருக்கு. எதுன்னு கேட்டுட்டு விலை பேசுங்க.