சிவந்த கண்ணுக்கெல்லாம் ஒரே மருந்தா?

"கண் சிவந்தால் பாமசியில் ஒரு துளிமருந்து வாங்கி விட்டால் போதும்" என்ற வாதம், இலுப்பைக்கடவை போன்ற வயற்கிராமங்களில் பார்வையையே பறிக்கக்கூடியது. அருவி வெட்டும்போது நெற்சுணையோ தாளோ கருவிழியைக் கீறினால், அந்தக் கீறலில் பங்கசு வேர்விடலாம். இறகு விளிம்புபோல் ஓரம் சிதறிய சாம்பல்வெள்ளைப் புண் அதன் அடையாளம். பற்றீரியாவுக்கான துளிகள் அதைத் தொடாது. ஸ்டீரொயிட் கலந்தவை சிவப்பைத் தணித்துவிட்டுப் பங்கசை வளர்க்கும். புண்ணை மெல்லச் சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இழைகள் தெரியும். இந்தச் சிறு சோதனையைத் தவிர்க்க நியாயமே இல்லை.

"புதிய மருந்தே சிறந்தது" என்பதும் நிற்காது. தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பங்கசுக்கெதிரான பழைய நட்டமைசின் துளிகளே புதிய வொரிகொனசோலை விஞ்சின. பியூசேரியம் என்ற பங்கசின் தொற்றில் வேறுபாடு இன்னும் பெரிது. வயலில் கண் கீறுப்பட்டவர் தாமதியாமல் கண் வைத்தியரிடம் போகவேண்டும்.