பி. கே. பானர்ஜி கழகம் மாறியது துரோகமா?

அண்மையில் உதைபந்தாட்டத்தில் ஈடுபாடுள்ள அன்பர் ஒருவருடன் உரையாடிக்கொண்டிருந்தேன். பேச்சு, 2020 மார்ச் 20ஆம் நாள் கல்கத்தாவில் தமது 83ஆவது அகவையில் மறைந்த பிரதீப் குமார் பானர்ஜியை நோக்கித் திரும்பியது. "பெரிய ஆட்டக்காரர்தான். ஆனால் அகதிகளின் கழகத்தைக் கைவிட்டு எதிரணிக்குப் போனவர்" என்றார் அன்பர். அச்சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பி. கே. என்று வங்காளமே அழைத்த அவர் 1936இல் ஜல்பாய்குரியில் பிறந்தவர். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியில் முன்வரிசையில் ஆடினார். 1960இல் றோம் நகரில் அணித்தலைவர். பிரான்சுடன் 1-1 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையதே. (அதே றோமில் பெரு நாட்டுக்கு எதிராகத் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் அடித்ததே ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியாவின் இறுதிக் கோல் என்பதை எம்மவருள் எத்தனை பேர் அறிவர்?) 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்றபோதும் முதற்கோல் அவர் காலிலிருந்தே பிறந்தது.

இத்துணைப் புகழிருந்தும் ஈஸ்ற் பெங்கால், மோகன் பகான் ஆகிய பெருங்கழகங்கள் எதற்கும் அவர் ஆடியதில்லை. கிழக்கு இரயில்வே அணியே அவரது வீடு. 1958இல் அந்த உத்தியோகத்தர் அணி கல்கத்தா லீக் கிண்ணத்தையே வென்று பெருங்கழகங்களைத் தலைகுனிய வைத்தது. ஆகவே, பயிற்றுவிப்பாளராகிய வேளையில் அவர் எந்தக் கொடிக்கும் கடமைப்பட்டவராக இருக்கவில்லை.

1972இல் ஈஸ்ற் பெங்கால் பொறுப்பை ஏற்றார். 1920இல் தோன்றிய அக்கழகம், 1947 பிரிவினையில் வீடுவாசல் இழந்து கல்கத்தாவில் ஒதுங்கிய கிழக்கு வங்க மக்களின் மூச்சாகவே மாறியிருந்தது. இழந்த மண்ணைப் பற்றி அவர்கள் உரக்கப் பேசக்கூடிய இடம் மைதானம் ஒன்றே. 1975இல் கல்கத்தா லீக்கைத் தொடர்ந்து ஆறாவது ஆண்டாகவும் அக்கழகம் வென்றது. அவ்வாண்டு ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5-0 எனச் சாய்த்தபோது அம்மக்கள் அடைந்த மகிழ்வை நாம் விளக்கிக்கொள்ள எவரும் உதவ வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே பி. கே. மோகன் பகானுக்குச் சென்றார். 1977இல் பெலே ஆடிய நியூயோர்க் கொஸ்மோஸ் அணியை ஈடன் தோட்டத்தில் 2-2 எனச் சமநிலையில் நிறுத்தியது அவர் பயிற்றிய மோகன் பகானே. அன்பருக்கு நோவது இங்கேதான். அந்த நோவை நான் இகழவில்லை. மண்ணை இழந்தவனுக்குக் கழகம் வெறும் கழகமன்று.

ஆயினும் நான் ஆசிரியத் தொழில் செய்தவன். ஒருமுறை எமது பாடசாலையின் பரம வைரியான பாடசாலைக்கே இடமாற்றம் பெற்றுச் சென்றேன். பழைய மாணவர் சிலர் வீதியில் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் புதிய வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கும் இலக்கணம் தேவைப்பட்டதே! கற்பிப்பவன் மதிலுக்கு இப்பால் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

பி. கே.யின் ஆட்டத்துக்கு முந்திய உரைகள் பெரும்புகழ் பெற்றவை. சோர்ந்தவனையும் எழுப்பி ஓடவைக்கும் மருந்து என்று பத்திரிகைகள் வியந்தன. அவ்வியப்பு சற்று மிகையென்பதே என் எண்ணம். பேச்சு மட்டும் பந்தை வலைக்குள் செலுத்தாது. தேசிய அணியில் அவரது அறுவடையும் கழகங்களில் கண்ட அளவுக்கு இல்லை. 1982 டில்லி ஆசிய விளையாட்டு விழாவில் அவரது அணி காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 எனத் தோற்றது. இதை மறைத்துப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1997 ஜூலை 13 அன்று சோல்ற் லேக் மைதானத்தில் கூட்டமைப்புக் கிண்ண அரையிறுதி. ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். மோகன் பகானின் பயிற்றுவிப்பாளர் அமல் தத்தா. எதிரே, அறுபத்தொரு வயதில், மீண்டும் ஈஸ்ற் பெங்காலின் ஆசனத்தில் பி. கே. இளைஞர் பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, அகதிகளின் கழகம் 4-1 என வென்றது.

இதனை அன்பரிடம் கூறினேன். "அப்படியானால் ஏன் திரும்பி வந்தார்?" என்று வினவினார். அழைத்தார்கள், வந்தார் என்றேன்.