சுரங்கம் யாருக்கு? சூதாட்டம் யாருக்கு?

ஒரு கம்பெனி கைமாறப் போகிறது என்ற வதந்தி பங்கு மார்க்கெட்டில் கிளம்பினால் போதும். ஒரு கடப்பாரை கூட அசையாமல், ஒரு மூட்டை உரம் கூட வெளியே வராமல், பங்கின் விலை துள்ளி ஏறுகிறது. வாங்கப் போவது யார், என்ன விலைக்கு என்று முதலாளிகளின் பத்திரிகைகள் ஆரூடம் சொல்லுகின்றன. அங்கே பாடுபடுகிறவன் கதி என்ன என்று அவை கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். வடக்கு யார்க்ஷயரில் விட்பி ஊருக்கு அருகே, பூமிக்கடியில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பாலிஹாலைட் என்ற உரக் கனிமம் கிடக்கிறது. அதை வெட்டி, 37 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியே டீஸைடுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டது சிரியஸ் மினரல்ஸ் என்ற சிறு கம்பெனி. கனிமம் வெளிவரும் முன்பே பங்குகள் விலைபோயின. சுமார் 85,000 சிறு முதலீட்டாளர்கள் அவற்றை வைத்திருந்தார்கள். ஊருக்கு வேலை வரும் என்று நம்பிச் சேமிப்பைப் போட்ட சுற்றுவட்டார மக்கள் அவர்களில் பலர். 2016-ல் ஒரு பங்கு 40 பென்ஸுக்கு மேல் விற்றது.

2019 செப்டம்பரில் 50 கோடி டாலர் கடன் திரட்டும் முயற்சி முறிந்தது. கைகொடுக்க பிரிட்டிஷ் சர்க்கார் மறுத்தது. பங்கு விலை பாதாளத்தில் விழுந்தது. 2020 ஜனவரியில், ஆங்கிலோ அமெரிக்கன் என்ற ராட்சதச் சுரங்கக் கம்பெனி பேரம் பேசுகிறது என்ற செய்தி வந்ததும் விலை மீண்டும் துள்ளியது. கடைசியில் கிடைத்தது பங்குக்கு 5.5 பென்ஸ்! ஏற்காவிட்டால் கம்பெனியே மூழ்கும் என்று நிர்வாகம் எச்சரித்தது. மார்ச் 3-ல் பங்குதாரர் கூட்டம் ஒப்புக்கொண்டது. கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டால் யார்தான் தலையசைக்க மாட்டார்கள்?

"ஆபத்து தெரிந்துதானே வாங்கினார்கள்?" என்பார்கள் சிலர். சரி, ஆபத்து சிறியவனுக்கு, சுரங்கம் பெரியவனுக்கு. இதுதான் அவர்கள் நியாயம்!

கதை அதோடு முடியவில்லை. சின்ன மீனை விழுங்கிய பெரிய மீனை விழுங்க இன்னும் பெரிய மீன் வந்தது. 2024 ஏப்ரலில் பி.எச்.பி. கம்பெனி ஆங்கிலோ அமெரிக்கனையே வாங்க முயன்றது. அதைத் தடுக்க, மே மாதம் ஆங்கிலோ அமெரிக்கன் தன் செலவை வெட்டியது. யார்க்ஷயர் சுரங்க வேலை மந்தமாக்கப்பட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். இரு முதலைகள் சண்டையிட்டன. கரையில் நின்றவன் கால் போயிற்று.

1947-ல் நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசிய மயமாக்கிய நாடுதான் அது. 1994-ல் அவற்றையும் தனியாருக்கு விற்றது. உரக் கனிமத்தையாவது பொதுச்சொத்தாக வைத்திருந்தால், அதன் விதியை மார்க்கெட் வதந்தி நிர்ணயித்திருக்குமா?

தோழர்களே! நம் வயலில் விழும் பொட்டாஷுக்கு இந்தியா வெளிநாடுகளையே நம்பி நிற்கிறது. ஆகவே உரச் சுரங்கம் எவன் கையில் என்பது நமக்கும் சம்பந்தமான கேள்வி. மண்ணுக்கடியில் உள்ள செல்வம் மக்களின் சொத்து. அதை வெட்டி எடுப்பவனுக்கும், அதைப் பயிருக்கு இடுபவனுக்கும் அதில் அதிகாரம் வேண்டும். மில்லிலும் வயலிலும் சங்கத்தைப் பலப்படுத்துங்கள்! அந்த அதிகாரத்துக்கு வேறு குறுக்கு வழி கிடையாது.