ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ரயில் கால அட்டவணைக்கும் சாதி ஒழிப்புக்கும் என்னப்பா சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அட்டவணையில் எந்தச் சாதியின் பெயரும் கிடையாது. கடற்கரை, பூங்கா, எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் என்று நிலையங்களின் பெயர், எதிரே மணி, நிமிடம். அவ்வளவுதான். ஆனால் யாருடைய வேலை நேரத்தை மனதில் வைத்து இந்த நிமிடங்களை எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அட்டவணை பேச ஆரம்பித்துவிடும்.

அட்டவணை போடுவது நமக்குப் புரியாத வித்தை இல்லை. கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தூரம் சுமார் 29 கிலோமீட்டர். போக 50 நிமிடம், அங்கே நிற்க 10, திரும்பி வர 50, இங்கே நிற்க 10. ஒரு சுற்றுக்கு 120 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 12 வண்டிகள் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒன்று போதுமென்றால் 6 வண்டிகளே போதும். மீதி ஆறும் சும்மா நிற்கும். வண்டியைப் பழுது பார்க்கணும், தண்டவாளத்தைச் சரி பார்க்கணும், ஓட்டுபவருக்கு ஓய்வு வேணும். இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. இதுவரைக்கும் கணக்கு. எந்த நாளில், எந்த மணியில் வண்டியைக் குறைப்பது என்று முடிவெடுக்கும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு என்ன? ஆபீஸ் போகிற நேரமும் திரும்புகிற நேரமும் 'உச்ச நேரம்'. ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. தீபாவளி, குடியரசு நாள் போன்ற நாட்களிலும் 'ஞாயிறு அட்டவணைப்படி ரயில்கள் ஓடும்' என்று அறிவிப்பு வருகிறது. ஞாயிறு யாருக்கு லீவு? வங்கியில் எழுத்தராக இருக்கிற எனக்கு லீவு. தெரு கூட்டுகிற அக்காவுக்கு? ஆஸ்பத்திரி வார்டு கழுவுகிறவருக்கு? ராத்திரிக் காவலுக்கு நின்றுவிட்டு விடிகாலையில் வீடு திரும்பும் பெரியவருக்கு? கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்தான் கடும் வேலை. தீபாவளிப் பட்டாசுக் குப்பை தானாகவா மறைகிறது? இந்த வேலைகளில் நம் சனங்கள் ஏன் இத்தனை பேர் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓய்வுநாள் என்று ஊர் கருதுவது, வேலை வாங்குகிறவனின் ஓய்வுநாளைத்தான்.

'கூட்டம் இல்லீங்க, அதான் விடுறதில்ல' என்பார்கள். வண்டி இல்லாததால் ஏறவில்லை. ஏறாததால் வண்டி இல்லை. விற்ற டிக்கெட்டை எண்ணுகிறவர்கள், ரயிலை நம்ப முடியாமல் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தவரை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ரயிலே எட்டாத இடத்துக்குத் துரத்தப்பட்டவர்கள் கதை இன்னும் மோசம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில், வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கெல்லாம் தண்டவாளமே இல்லை. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரி வரை வந்து நின்றது. அதைப் பிடிக்க முதலில் பஸ் பிடிக்கணும். பஸ் மாநில அரசுடையது, ரயில் மத்திய அரசுடையது. இரண்டையும் ஒருங்கிணைக்க ஒரு போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இலேயே சட்டம் போட்டார்கள். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ரயில் கிளம்பிப் போயிருந்தால், அடுத்த வண்டிவரை காத்திருக்கும் நேரம் யார் தலையில் விழுகிறது? தாமதத்துக்கு அரைநாள் கூலி பிடிக்கிற மேஸ்திரி ரயில்வேயிடம் விளக்கம் கேட்கப் போவதில்லை.

2025 ஏப்ரலில் இதே கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதா வண்டியில் 5 ரூபாய். வசதியான வண்டி விடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். ஏசி வண்டிக்கு ஒதுக்குகிற ஒவ்வொரு நேரமும் ஐந்து ரூபாய்க்காரருக்குக் கிடைத்திருக்கக்கூடிய நேரம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஞாயிறு விடிகாலை நோட்டுப் புத்தகத்தோடு நிலையங்களில் நில்லுங்கள். எங்கிருந்து வர்றீங்க, எத்தனை மணிக்கு வேலை, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க - இந்த மூன்றையும் கேட்டு எழுதுங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் பஸ் நிறுத்தங்களிலும் கேளுங்கள். ரயில்வேக்குப் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் உண்டு. வர்த்தக சபைகளுக்கு அங்கே நாற்காலி இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்கும் வேண்டும் என்று கேட்போம். ஞாயிறும் பண்டிகை நாளும் காலை எட்டு மணிவரையாவது வாரநாளில் ஓடும் அத்தனை வண்டியும் ஓடவேண்டும். பெரும்பாக்கம் பஸ் வந்த பிறகே வேளச்சேரி ரயில் கிளம்பும்படி நேரம் வகுக்கவேண்டும்.

இதற்குப் புதுத் தண்டவாளம் தேவையில்லை, புது வண்டியும் தேவையில்லை. நிற்கிற வண்டியை எடுத்து ஓட்டினால் போதும். நகரம் கண் விழிப்பதற்குள் அதைக் கூட்டிப் பெருக்கி வைக்கிறவர்களின் நேரமும் நேரம்தான் என்று அட்டவணை போடுகிறவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். தானாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நோட்டுப் புத்தகத்தோடு போவோம்.